பெரியவர்களுக்குப் பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை? சிலருக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது?

கேள்வி: எனக்கு 38 வயது. சின்ன வயதில் காலையும் மாலையும் டம்ளர் நிறையப் பால் குடித்து வளர்ந்தவன். இப்போது வெறும் பால் குடித்தால் ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிக் கடமுடா என்கிறது. சில நாள் வயிற்றுப்போக்கும் ஆகிறது. தயிரும் மோரும் ஒன்றும் செய்வதில்லை. இது நோயா? ஐரோப்பியர்கள் மட்டும் எப்படி வயதான பிறகும் பச்சைத் தண்ணீர் மாதிரி பால் குடிக்கிறார்கள்? என் பிள்ளைக்கும் இப்படி ஆகுமா?

பதில்: நோய் இல்லை. பால்குடி மறந்த எல்லாப் பாலூட்டிகளின் உடம்பும் செய்வதைத்தான் உங்கள் உடம்பும் செய்திருக்கிறது. விளக்கம் தேவைப்படுவது உங்களுக்கு இல்லை, வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கிறவர்களுக்குத்தான். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பாடத்தை இப்படித் தலைகீழாக மாற்றிப் போட்டுத்தான் தொடங்குவேன்.

பாலில் இருக்கும் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். பசும்பாலில் ஏறக்குறைய 5 சதவீதம், தாய்ப்பாலில் 7 சதவீதம். குளுக்கோஸ் ஒன்றும் கேலக்டோஸ் ஒன்றும் கைகோத்த இரட்டைச் சர்க்கரை அது. இரட்டையாகவே அது குடல் சுவரைத் தாண்டாது. பிரித்துவிட வேண்டும். பிரிக்கிற நொதிதான் லாக்டேஸ். சிறுகுடலின் உட்சுவரில், கம்பளத்து இழை போல நிற்கும் உறிஞ்சிகளின் நுனியில் அது இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பாலைத் தவிர வேறு ஆகாரம் இல்லாததால் அந்த வயதில் லாக்டேஸ் நிறையச் சுரக்கும். பால் மறந்த பிறகு மெல்லமெல்லக் குறையும். சில சமூகங்களில் 2, 3 வயதிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. ஃபின்லாந்தில், குறையப்போகிறவர்களுக்குக்கூடப் பதின்வயது வரை தாக்குப்பிடிக்கிறது. ஆக, பள்ளி நாட்களில் நீங்கள் டம்ளர் டம்ளராகக் குடித்ததற்கும் இன்றைய தொந்தரவுக்கும் முரண்பாடே இல்லை.

லாக்டேஸ் குறைந்தவர் பால் குடித்தால் என்ன ஆகும்? பிரிக்கப்படாத லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகிறது. போகிற வழியில் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது, வயிற்றுப்போக்கு அதனால்தான். பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு இது விருந்து. அவை புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. உப்புசமும் கடமுடாவும் அங்கிருந்து வருகின்றன. மனித உயிரணுக்கள் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்குவதில்லை. எனவே லாக்டோஸ் குடித்தவரின் மூச்சில் ஹைட்ரஜன் ஏறினால், அது குடல் பாக்டீரியா அனுப்பிய சேதிதான். மூச்சுப் பரிசோதனை என்று மருத்துவமனையில் செய்வது இதைத்தான்.

அந்தக் கருவி எங்கள் ஆய்வகத்தில் இல்லை. அதனால் வகுப்பில் பழைய வழியையே செய்து காட்டுவேன். வெறும் வயிற்றில் 50 கிராம் லாக்டோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, அரை மணிக்கொரு முறை விரலைக் குத்தி, சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். லாக்டோஸ் பிரிந்தால் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். 100 மில்லி இரத்தத்துக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் ஏறினால் செரிக்கிறது என்று பொருள். ஒருமுறை நானும், ஹரியானாவிலிருந்து வந்து படித்த ஒரு மாணவரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். என் எண்கள்: 86, 90, 93, 88. அவருடையவை: 84, 109, 121, 104. இரண்டு வரிகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரே கரைசல், ஒரே அளவு. எனக்குள் போனது வாசலிலேயே நின்றுவிட்டது. அவருக்குள் போனது வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

மருத்துவ உலகம் இதைப் புரிந்துகொள்ளவே நாளாயிற்று. எழுதியவர்கள் பெரும்பாலும் வட ஐரோப்பிய வம்சாவளியினர். பெரியவர்கள் பாலைச் செரிப்பது அவர்கள் கண்ணுக்கு இயல்பாகத் தெரிந்தது, செரிக்காதது குறையாகத் தெரிந்தது. 1965, 66-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் உடல்நலத்தோடு இருந்த கறுப்பின மக்களையும் வெள்ளையரையும் சோதித்தார்கள். கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் குறைவாக இருந்தது, வெள்ளையரில் சிறுபான்மையினருக்கே அப்படி. அதன்பிறகு ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று சோதிக்கச் சோதிக்க, உலகில் வயதுவந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் லாக்டோஸை முழுதாகச் செரிப்பதில்லை என்பது தெளிவாயிற்று. இப்போது ஆராய்ச்சியாளர்கள் 'லாக்டேஸ் குறைபாடு' என்ற சொல்லைக் குறைத்துக்கொண்டு, மற்றவர்களைக் குறிக்க 'லாக்டேஸ் நீடிப்பு' என்று எழுதுகிறார்கள். வெறும் பெயர் மாற்றமாக இது எனக்குத் தோன்றவில்லை. மனிதகுலத்தின் பெரும்பகுதியை நோயாளிப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்ட மாற்றம் அது.

இனி மரபணுவுக்கு வருவோம். லாக்டேஸை உண்டாக்கும் மரபணு இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது. பாலைச் செரிக்கும் பெரியவர்களிடம் இந்த மரபணு ஏதோ மாறியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் நொதியின் செய்முறை இரு சாராருக்கும் ஒன்றேதான். மாற்றம் எங்கே என்பதை 2002-இல் ஃபின்லாந்தின் லீனா பெல்டோனென், இர்மா யார்வெலா, நபில் எனத்தா ஆகியோர் அடங்கிய குழு கண்டுபிடித்தது. ஒன்பது ஃபின்லாந்துக் குடும்பங்களில் யார் செரிக்கிறார்கள், யார் செரிப்பதில்லை என்று தலைமுறை வழியே பிடித்துக்கொண்டு போனார்கள். டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு வேதி எழுத்துகளால் ஆன நீளச் சரம். அதில் லாக்டேஸ் மரபணு தொடங்கும் இடத்துக்கு 13,910 எழுத்துகள் முன்னால், ஒரே ஓர் எழுத்தில் வேறுபாடு இருந்தது. செரிக்காதவரிடம், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்த இரண்டு பிரதியிலும் 'சி'. செரிப்பவரிடம் ஒன்றிலாவது 'டி'.

அந்த இடம் லாக்டேஸ் மரபணுவுக்குள்ளேயே இல்லை. பக்கத்தில் எம்.சி.எம்.6 என்று ஒரு மரபணு. உயிரணு பிரியும்போது டி.என்.ஏ.வைப் படியெடுக்க உதவுவது, பாலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதன் நடுவே, புரதமாக மாறாத ஒரு பகுதியில் இந்த எழுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் வீட்டு விளக்குக்கான ஸ்விட்சு பக்கத்து வீட்டுச் சுவரில் இருப்பது மாதிரி. 'சி' உள்ள டி.என்.ஏ.வில் வயது ஏற ஏற மெதில் என்னும் சிறு வேதிக் குறிகள் அந்தப் பகுதியில் படிந்து, ஸ்விட்சை மெல்ல அணைத்துவிடுகின்றன. 'டி' இருந்தால் அங்கே சில புரதங்கள் இறுகப் பற்றிக்கொள்கின்றன. மரபணு விழித்தே இருக்கிறது. ஒரு பிரதியில் மட்டும் 'டி' இருப்பவருக்கு நொதி நடுத்தர அளவில் சுரக்கும்; அன்றாடம் குடிக்கிற பாலுக்கு அதுவே போதும். அதனால்தான் செரிக்கும் தன்மை ஓங்கு பண்பாகத் தெரிகிறது.

அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தபோது ஆப்பிரிக்கா குறுக்கிட்டது. கிழக்கு ஆப்பிரிக்க மேய்ச்சல் மக்களில் பலர் பாலை நன்றாகச் செரிக்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய 'டி' எழுத்து அவர்களிடம் காணோம். சாரா டிஷ்காஃப் தலைமையிலான குழு தான்சானியா, கென்யா, சூடான் நாடுகளில் 43 இனக்குழுக்களைச் சேர்ந்த 470 பேரைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டது. நான் வகுப்பில் செய்த அதே சோதனைதான்: லாக்டோஸ் கரைசல், விரல் நுனி இரத்தம், குளுக்கோமீட்டர். கென்யா, தான்சானியாவில் 14,010-ஆம் இடத்தில் வேறொரு மாற்றம் இருந்தது. சூடான் பக்கம் 13,907-இல் இன்னொன்று. அரேபிய ஒட்டக மேய்ப்பர்களிடம் பரவலாக இருக்கும் மாற்றம் 13,915-இல். எல்லாமே அதே சிறு பகுதிக்குள், ஏறக்குறைய நூறு எழுத்துகள் எட்டத்தில். வெவ்வேறு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாத மேய்ச்சல் சமூகங்களில், தனித்தனி எழுத்துப் பிழைகள் ஒரே ஸ்விட்சை அணையவிடாமல் தடுத்திருக்கின்றன. மனிதப் பரிணாமத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் மாணவர்களுக்குக் காட்டியதில்லை.

பிழை தற்செயல். பரவியது தற்செயல் இல்லை. 'டி' எழுத்தைச் சுற்றியுள்ள டி.என்.ஏ. ஐரோப்பியர்களிடம் பத்து லட்சம் எழுத்து நீளத்துக்கு ஏறக்குறைய மாறாமல் ஒரே மாதிரி இருக்கிறது. தலைமுறைதோறும் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால், நாளாக ஆக இப்படிப்பட்ட நீளங்கள் சிதைந்துபோக வேண்டும். சிதையவில்லை என்றால் அது வெகு சமீபத்தில், வெகு வேகமாகப் பரவியிருக்கிறது என்றுதான் பொருள். மனித மரபணுத் தொகுதியிலேயே இயற்கைத் தேர்வின் அழுத்தம் மிக வலுவாகத் தெரியும் இடங்களில் இது ஒன்று.

ஏன் அவ்வளவு வேகம்? பள்ளிப் புத்தகத்து விடை எளியது: மாடு வளர்த்தார்கள், பால் குடித்தார்கள், செரித்தவர்கள் பிழைத்தார்கள், மரபணு பரவியது. நானும் பல ஆண்டுகள் இப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். தொல்லியல் அதைக் கலைத்துவிட்டது.

பானை ஓடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மெருகு போடாத மண்பானையில் சமைத்தால் கொழுப்பு சுவரின் நுண்துளைகளுக்குள் ஊறிப்போய்ப் பல ஆயிரம் ஆண்டு தங்கிவிடும். ஓட்டைப் பொடித்துக் கொழுப்பைப் பிரித்தெடுத்து அதிலுள்ள கார்பன் வகைகளை அளந்தால், அது இறைச்சிக் கொழுப்பா பால் கொழுப்பா என்று சொல்லிவிடலாம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட் இந்த முறையில்தான் வாழ்நாள் உழைப்பைச் செலுத்தினார். துருக்கியின் மர்மரா கடல் பக்கத்து ஓடுகளில் ஏறக்குறைய 9,000 ஆண்டுப் பழைய பால் கொழுப்பு கிடைத்தது. போலந்தில் 7,000 ஆண்டுக்கு முந்தைய ஓடுகள் சிலவற்றில் சல்லடை போலச் சிறுசிறு துளைகள் இருந்தன. இது பாலாடைக்கட்டி வடிகட்டும் பாத்திரமாகத்தான் இருக்கும் என்று தொல்லியலாளர் பீட்டர் பொகுட்ஸ்கி 1980-களிலேயே ஊகித்திருந்தார். 2012-இல் அந்தத் துளை ஓடுகளிலிருந்து பால் கொழுப்பு வந்தபோது ஊகம் உறுதியாயிற்று. கட்டியைப் பிடித்துவைத்து, லாக்டோஸ் கரைந்த தெளிநீரை வெளியே விட்ட பாத்திரங்கள் அவை.

பாலின் வரலாறு இவ்வளவு பழையது. மரபணுவோ? பழைய எலும்புகளில் டி.என்.ஏ. படிக்க முடிந்ததும் பார்த்தார்கள்: ஐரோப்பாவின் முதல் விவசாயிகளிடம் 'டி' இல்லை. ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கிடைத்த 5,300 ஆண்டுப் பழைய ஊட்சி என்னும் மனிதரிடம் இல்லை. வட ஜெர்மனியின் டோலென்ஸ் ஆற்றங்கரையில் சுமார் 3,200 ஆண்டுக்கு முன் நடந்த பெரும் சண்டையில் மாண்டவர்களின் எலும்புகளைச் சோதித்தபோது, பாலைச் செரித்திருக்கக்கூடியவர்கள் எட்டுக்கு ஒருவர்தான் என்று தெரிந்தது. இன்று அதே பகுதியில் பெரும்பான்மையோர் செரிக்கிறார்கள். அதாவது ஐரோப்பியர்கள் பல ஆயிரம் ஆண்டுகள் உங்களையும் என்னையும் போன்ற குடலோடுதான் பாலை உண்டிருக்கிறார்கள். புளிக்கவைத்தும் கட்டியாக்கியும் நெய்ப்பகுதியை எடுத்தும் சமாளித்திருக்கிறார்கள்.

2022-இல் எவர்ஷெட், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மார்க் தாமஸ் முதலியோர் 554 தொல்லியல் களங்களிலிருந்து ஏறக்குறைய 7,000 கொழுப்புச் சான்றுகளைத் திரட்டி, 1,700-க்கு மேற்பட்ட பழங்கால மனிதர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டார்கள். பால் மிகுதியாக உண்ட காலங்களும் மரபணு வேகமாகப் பரவிய காலங்களும் பொருந்தவில்லை. இன்றைய பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் தகவலைப் பார்த்ததிலும், 'டி' இல்லாதவர்கள் மற்றவர்களைவிட அப்படியொன்றும் குறைவாகப் பால் குடிப்பதில்லை. அதனால் அவர்கள் உடல்நலம் கெட்டதற்கும் அடையாளம் இல்லை. பொருந்தி வந்தது வேறு: பஞ்சமும் தொற்றுநோயும். யோசித்துப் பாருங்கள். விளைச்சல் பொய்த்த ஆண்டு. சேர்த்துவைத்த கட்டியும் தயிரும் தீர்ந்துபோயின. மிஞ்சியது மாட்டின் மடியிலிருந்து வரும் பால் மட்டும். நல்ல உடம்புக்கு லாக்டோஸ் தருவது ஒரு மணி நேர அவதி. எலும்பும் தோலுமாகக் கிடக்கும் குழந்தைக்கோ, கழிச்சலில் நீர்வற்றிக் கிடப்பவருக்கோ, அதே வயிற்றுப்போக்கு உயிரை எடுத்துவிடும். சாதாரண நாளில் ஒரு பொருட்டாகாத எழுத்து, பஞ்ச காலத்தில் வாழ்வா சாவா என்று ஆகியிருக்கிறது.

வேறு விளக்கங்களும் உண்டு. வெயில் குறைந்த வடக்கில் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் ஏற்றப் பால் உதவியது என்றார்கள். பாலைவனத்தில் அது குடிநீருக்கு ஈடானது என்றார்கள். அந்தந்த இடத்தில் இவற்றுக்கும் பங்கு இருக்கலாம். பஞ்சமும் நோயும் சேர்ந்த விளக்கமே கிடைத்திருக்கும் சான்றோடு அதிகம் ஒட்டுகிறது என்பது என் கருத்து.

மரபணு இல்லாமலே பாலை நம்பி வாழலாம் என்பதற்கு மங்கோலியாவே சாட்சி. அங்கே மாடு, யாக், ஆடு, ஒட்டகம், குதிரை என்று எல்லாவற்றின் பாலும் உணவு. பால் இல்லாத நாளே இல்லை. ஆனால் லாக்டேஸ் நீடிப்பு உள்ளவர்கள் மிகக் குறைவு. குதிரைப் பாலில் பசும்பாலைவிட லாக்டோஸ் அதிகம். அதைத் தோல் பையில் ஊற்றி ஆயிரக்கணக்கான முறை கடைந்து புளிக்கவைத்து 'ஐரக்' ஆக்கிவிடுகிறார்கள். குடல் செய்ய வேண்டிய வேலையைப் பையிலிருக்கும் பாக்டீரியா செய்துவிடுகிறது.

நம் பக்கம் எப்படி? இந்தியாவிலும் முதன்மையாக இருப்பது அதே 13,910 'டி'தான். 2012-இல் வெளிவந்த ஆய்வில் 106 சமூகங்களைச் சேர்ந்த 2,000-க்கு மேற்பட்டோரின் டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். சுற்றியுள்ள எழுத்துகளும் ஒத்துப்போவதால், ஐரோப்பியர்களுடையதும் இதுவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று ஆயிற்று. வடமேற்கில் மிகுதி, தெற்கும் கிழக்கும் வரவரக் குறைகிறது. 1981-லேயே தில்லியில் 27 சதவீதத்தினருக்கும், ஐதராபாத், புதுச்சேரியில் 67 சதவீதத்தினருக்கும் பால் செரிக்கவில்லை என்று பதிவாகியிருக்கிறது. என் 86, 90, 93, 88 அந்தப் படத்துக்குள் சரியாகப் பொருந்துகிறது. தெற்கில் ஒரு பெரிய விதிவிலக்கு நீலகிரித் தோடர்கள். எருமையே வாழ்வும் வழிபாடுமாக, பால் கடையும் குடிலையே கோயிலாகக் கொண்ட அந்தச் சிறு சமூகத்தில் 'டி' மிக உயர்ந்த விகிதத்தில் இருக்கிறது. சமவெளியில் சிலரிடம் மட்டுமே இருக்கும் எழுத்து, மலைமேல் பெரும்பாலோரிடம் இருக்கிறது.

தயிர் உங்களை ஏன் தொந்தரவு செய்வதில்லை என்பதற்கும் விடை இப்போது தெரிந்திருக்கும். இரவில் வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி உறை ஊற்றி மூடிவைக்கிறோம். விடிவதற்குள் பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைப் புளிப்பாக மாற்றிவிடுகிறது. மீதி லாக்டோஸ் நிறையவே இருக்கும். ஆனால் தயிரோடு உள்ளே போகும் பாக்டீரியாவிடம் அதன் சொந்த லாக்டேஸ் இருக்கிறது. அது சிறுகுடல் வரை போய் உங்களுக்காக வேலை செய்கிறது. தயிர் வயிற்றில் மெதுவாக நகர்வதும் உதவி. கொதிக்கவிட்டால் பாக்டீரியாவும் நொதியும் போய்விடும். ஆகவே மோர்க்குழம்பு சிலரைச் சோதிக்கும், மோர் சோதிக்காது. நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். காபியில் விடும் 100 மில்லி பாலில் இருப்பது 5 கிராம்தான். செரிக்காதவர்களில் பெரும்பாலோர் 12 கிராம் வரை, அதாவது ஒரு டம்ளர் பால் வரை, பெரிய தொல்லை இல்லாமல் தாங்குவார்கள்; சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இன்னும் எளிது. உங்களுக்கு ஒரு டம்ளரே தொல்லை தருவதால், வெறும் வயிற்றில் குடிக்காமல் அரை டம்ளராகப் பார்த்துப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'நாட்டு மாட்டுப் பால், ஏ2 பால் வாங்குங்கள், லாக்டோஸ் தொல்லை இருக்காது' என்று விற்கிறார்கள். ஏ2 என்பது புரதத்தைப் பற்றிய பேச்சு. நாட்டு மாடு, சீமை மாடு, எருமை, வெள்ளாடு எதுவானாலும் பாலில் லாக்டோஸ் ஏறக்குறைய அதே அளவுதான். கூடுதல் விலை கொடுத்து அதற்காக வாங்காதீர்கள். பால் ஒவ்வாமை என்பதும் வேறு. அது பால் புரதத்துக்கு எதிராக நோயெதிர்ப்பு மண்டலம் கிளம்புவது, தடிப்பும் மூச்சுத்திணறலும் வரலாம். எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் தெரிகிறது என்றால் பாலைக் குறைசொல்லிக்கொண்டு உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் பிள்ளை. உங்களிடம் இரண்டு பிரதியும் 'சி' என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் கொடுத்தது எப்படியும் ஒரு 'சி'. மீதி உங்கள் மனைவியிடம் இருக்கிறது. அவரிடமும் இரண்டும் 'சி' என்றால் பிள்ளைக்கும் ஒருநாள் லாக்டேஸ் குறையும். ஒன்று 'டி' என்றால் சரிபாதி வாய்ப்பு. இரண்டும் 'டி' என்றால் குறையாது. அவர் ஒரு பெரிய டம்ளர் பாலை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், ஓரளவு தெரிந்துவிடும். பிள்ளை சின்ன வயதாக இருந்தால் இப்போதைக்குப் பாலை நிறுத்தாதீர்கள். தொல்லை தெரியத் தொடங்கும்போது டம்ளரைக் குறைத்துக்கொண்டு, தயிர்ச்சோற்றைக் கூட்டிக்கொள்ளலாம்.